பின்காணிக் கோழிக்கூடு

ஆகஸ்ட் 2, சனி

சோழகக் காற்று ஓயவில்லை. விடிந்ததிலிருந்து கண்ணிலும் மணல், சோற்றிலும் மணல். மாம்புரியில் பிறந்தவளுக்கு இது புதிதா என்ன. ஆனாலும் எரிச்சல்.

இன்றைய வேலை: கோழிக்கூட்டுக்கு இடம் பார்ப்பது. இறைச்சிக் கோழி, இருநூறு குஞ்சு. கடை ஹாஜியார் வாங்கிக்கொள்வதாக வாக்குத் தந்திருக்கிறார். காணியை மூன்று சுற்று நடந்தேன்.

நானாவின் மதிலோரம்: காற்று அடைபட்ட இடம். மதியம் மதிலில் கை வைத்தால் சுடுகிறது. இந்தக் கோழிக்கு உடம்பு முழுக்கச் சதை, வியர்வை கிடையாது. வாயைப் பிளந்து சாகும். வேண்டாம்.

கிணற்றடி: ஈரம். கீழே போடும் உமி நனைந்தால் நாற்றம், காலில் புண். வேண்டாம்.

பின்காணி, கடல் பக்கம்: மேடு. தண்ணீர் நிற்காது. தென்னை நிழல். காற்றுக்குக் குறைவே இல்லை. லொறி வர ஒழுங்கை உண்டு. இதுதான்.

இதுதான் என்றால் நானாவோடு சண்டை. நிசாம் நானா. எனக்கு மூத்தவர், கூடப்பிறந்த ஒரே ஆள், முன்வீட்டுக்காரர். (இனி 'நா.' என்றுதான் எழுதுவேன். முழுப் பெயர் எழுத மை வீண்.) வாப்பா முன்பாதியை நா.வுக்கும் பின்பாதியை எனக்கும் எழுதினார். அப்போது பின்பக்கம் வெறும் மணல், ஒருவருக்கும் வேண்டாம். இப்போது பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள். நா.வுக்கு அங்கே கிடுகுக் குடில் கட்டி வாடகைக்கு விட ஆசை. என் மாப்பிள்ளை தலாக் சொல்லிப் போன நாளிலிருந்து ஊர் முழுக்க ஒரே கேள்விதான் கேட்கிறார்: "தனிப் பொம்பளைக்கி கடக்கரக் காணி என்னத்துக்கு?"

என்னத்துக்கா? காட்டுகிறேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கற்பிட்டிக்குப் போய் மிருக வைத்தியத் தம்பியைக் கண்டேன். பஸ்ஸில் போகவும் வரவும் நின்றபடி. நல்ல பிள்ளை, கடதாசியில் படம் கீறித் தந்தான். மறக்குமுன்:

- நீளப்பக்கம் கிழக்கு மேற்காக. அப்போதுதான் வெயில் உள்ளே விழாது.
- ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி. நெருக்கினால் ஒன்றையொன்று கொத்திக் குடலை இழுக்கும்.
- முழங்கால் உயரம் கல் கட்டி, மேலே கம்பி வலை.
- கூரைக்குக் கிடுகு. தகரம் போட்டால் உள்ளே அவியும்.
- உமி நாலு விரல் தடிப்பு. வண்ணாத்திவில்லு மில்லில் சொல்லி வைக்க.
- தென்னைக்கு நேர் கீழே கூடாது, தேங்காய் விழும். (இதை எனக்குச் சொல்கிறான்!)
- நாலு மூலையையும் தகரத்தை வளைத்து உருட்டிவிட வேண்டும். பயந்தால் எல்லாம் மூலைக்கு ஓடி ஒன்றின் மேல் ஒன்று ஏறும், அடியில் கிடப்பது மூச்சு முட்டிச் சாகும்.

"மூலைய மட்டும் மறந்துடாதீங்க அக்கா" என்று வாசல் வரை வந்து சொன்னான். தகரம் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

கம்பி வலை வாங்கவில்லை. வாப்பாவின் பழைய மீன் வலை என் கொட்டிலில் குவிந்து கிடக்கிறது. எங்கள் ஊரில் கத்தரித் தோட்டத்துக்கு வேலி வலை, பிள்ளைக்கு ஊஞ்சல் வலை, பொடியன்கள் பந்தடிக்கும் கம்பத்தில் வலை, கல்யாணப் பந்தலுக்கு மறைப்பும் வலை. கோழிக்கு மட்டும் கம்பியா? வெட்டிச் செலவு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையில் கம்பம் நட ஆள் பிடித்தேன். பகல் சாப்பாட்டுக்கு முன் எல்லாக் கம்பமும் நின்றது. கூலியாள் போனான். நான் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்க்கிறேன், நா. மன்னாக் கத்தியோடு நிற்கிறார். கம்பங்களைக் கொத்திக்கொண்டிருக்கிறார். சிராய் பறக்கிறது. முகத்தில் வியர்வை ஓட ஒவ்வொன்றாகக் கொத்தினார். இரண்டு அப்படியே சரிந்தது, மற்றதெல்லாம் பாதி வெட்டு.

நான் கத்திய கத்தலில் அடுத்த காணி ஸ்டெல்லா அக்கா கருவாட்டுப் பாயை விட்டுவிட்டு ஓடி வந்தாள். "அனே நிசாம், தங்கச்சி இல்லையா?" என்றாள். "உங்கட வேலயப் பாருங்க" என்றார் நா.

ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலி.

ஆகஸ்ட் 7, வியாழன்

சரிந்த இரண்டையும் மாற்றினேன். வெட்டுப்பட்ட கம்பங்களுக்குத் தகரத்தைச் சுற்றி ஆணி அடித்துக் கட்டுப் போட்டேன். மூலைக்கு வாங்கிய தகரம் அது. பிறகு வாங்கலாம்.

பின்னேரம் அசர் தொழுகை நேரம் நா. திரும்ப வந்தார். கையில் அதே மன்னாக் கத்தி. நான் மூலைக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"விடு பரீதா."

"வெட்டுங்க பாப்பம்."

வெட்டினார்! என் விரலுக்குச் சாண் உயரத்தில் கத்தி ஏறி நின்றது. கம்பம் அதிர்ந்தது நெஞ்சு வரைக்கும் வந்தது. அவர் கத்தியை இழுக்கிறார், வரவில்லை. எனக்குக் கண் இருண்டது. குழி தோண்டிய இரும்பு அலவாங்கு பக்கத்தில். இரண்டு கையாலும் தூக்கி அவர் காலில் இறக்கினேன். பெருவிரல் நசுங்கியது கண்ணுக்குத் தெரிந்தது. "யா அல்லாஹ்!" என்று மணலில் குந்திவிட்டார். ரத்தம் செருப்பை நிரப்பியது.

"அடுத்த தரம் தலைல போடுவன், நீ மவுத்தாப் போ" என்றேன். பிறந்து இத்தனை வருஷத்தில் நானாவை 'நீ' என்றது அதுதான் முதல். சொன்ன பிறகும் கம்பத்தை விடவில்லை.

வேலிக்கு அங்கால் அவருடைய நாய் ஜிம்மி சங்கிலியை அறுக்கப் பார்த்துக் குரைத்தது. குடில் கட்டும் பலகைக்குக் காவல் என்று கொண்டுவந்த நாய். முஸ்லிம் வீட்டில் நாய் என்று ஊரே சிரிக்கிறது. ரஹ்மா மதினி, அவர் பெண்சாதி, நாயைத் தொட்டால் கழுவாமல் குசினிக்குள் விடமாட்டாள். ஆனால் ஒருநாள் பார்த்தேன், நா. யாரும் இல்லை என்று நினைத்துப் பிளேன்டீயில் பிஸ்கட் தோய்த்து ஊட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு நாள் ஊட்டியிருப்பாரா.

ஆகஸ்ட் 9, சனி

கடை ஹாஜியார் கூட்டைப் பார்க்க வந்தார். பெரிய மனுஷன், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர். நா.வும் நொண்டி நொண்டி வந்தார், காலில் துணிக்கட்டு. ஹாஜியார் கட்டைப் பார்த்தார், கம்பத்து வெட்டைப் பார்த்தார்.

நா. தொடங்கினார். "ஹாஜியார், இது சரி வராது. பொம்பள ஒருத்தி, காத்து, மணல், நாய், நரி. ஒரு கோழிக் கூட்டங்கூடத் தேறாது. காணிதான் வீணாப் போகும்."

எனக்கு வாய் எரிந்தது. நிதானமாக இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "வல்லாஹி! இந்த முதல் கூட்டத்துல பாதியாவது ஹாஜியார்ட கடைக்குப் போய்ச் சேராட்டி, பின்காணிய நீங்களே எடுங்க. ஹாஜியார் சாட்சி."

சத்தியம் சத்தியம்தான். ஹாஜியார் தாடியைத் தடவினார். "அல்லாஹ்ட பேரச் சொல்லிட்டிங்க, மகள். இனி மாறேலாது." நா. சிரித்தார். அந்தச் சிரிப்பைச் செருப்பால் துடைக்க வேண்டும்.

உம்மா இருந்திருந்தால் என் வாயிலேயே போட்டிருப்பா.

ஆகஸ்ட் 14, வியாழன்

குஞ்சு வந்தது. பெட்டி பெட்டியாக மஞ்சள் பஞ்சு. கூட்டின் ஒரு பக்கத்தை மறித்து, பல்ப் தொங்கவிட்டு, உமி மேல் பழைய பேப்பர் விரித்தேன். கீச் கீச் என்று காது அடைக்கிறது. நாலு வரும்போதே சாவு. கடற்கரை மணலில் புதைத்தேன்.

கல் சுவர் ஒரு முழம்கூட எழவில்லை. அதற்கு மேல் கூரை வரை வலைதான், இரட்டையாக மடித்துக் கட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. காகம் வந்து மோதித் திரும்பியது. மேற்குப் பக்கம் மணல் அடிக்காமல் கிடுகு மறைப்பு.

மூலைத் தகரம் வாங்கவில்லை. நாளை.

ஆகஸ்ட் 28, வியாழன்

நாளை நாளை என்று தகரம் இன்னும் இல்லை. தீன் மூட்டை தூக்கி இடுப்பு ஒடிகிறது.

கோழிகள் பயங்கரமாக வளர்கின்றன. தின்பது, குடிப்பது, இருப்பது. கால் உடம்பைத் தாங்காது. ஒன்றின் வாலில் சிறு ரத்தம் கண்டதும் மற்றதெல்லாம் சேர்ந்து அந்த இடத்தையே கொத்தின. நான் போகுமுன் முதுகெலும்பு தெரிந்தது. கொத்தின கோழிகள் சொண்டைத் துடைத்துவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரித் தீன் தின்னப் போயின. இதைப் பார்த்தால் ஆட்களைப் பார்க்க வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

நா. தினமும் வேலியில் கையை ஊன்றி நின்று பார்க்கிறார். விரல் நகம் கழன்றுவிட்டதாம், மதினி சொன்னாள். "நீ செஞ்ச வேல, ஜும்ஆவுக்கும் கதிரைலதான் இருந்து தொழுறார்" என்றாள். நல்லது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

காற்று தணிகிறது. வெக்கை. கோழிகள் இறக்கையை விரித்துக்கொண்டு இளைக்கின்றன, ஆனால் ஒன்றும் சாகவில்லை. இடத்தை நான் சரியாகத்தான் தெரிந்தெடுத்தேன். மதிலோரம் வைத்திருந்தால் இந்நேரம் பாதி போயிருக்கும்.

ஹாஜியார் போனில் கோல் எடுத்தார். சனிக்கிழமை காலை லொறி. அல்ஹம்துலில்லாஹ். இன்னும் கொஞ்ச நாள்தான். பிறகு நா. தன் சிரிப்பைத் தானே விழுங்கட்டும்.

கடற்கரையில் நாய்கள் கூடிவிட்டன. ஹோட்டல்காரர்கள் மிச்சம் போட்டுப் போட்டு வளர்த்தவை, இப்போது ஆள் குறைவு, பசி. ஸ்டெல்லா அக்காவின் ஆட்டுக்குட்டியைக் கிழித்துவிட்டன. "வலைய நம்பாத பரீதா" என்றாள். கையால் இழுத்துப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 19, வெள்ளி

நகத்துக்குள் ரத்தம். எழுதாவிட்டால் தலை வெடிக்கும்.

ஜும்ஆ நேரம். ஊரில் ஒரு ஆம்பிளை இல்லை, எல்லோரும் பள்ளிக்குள். ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பின்னால் சத்தம். ஓடினேன்.

ஐந்தாறு நாய். மேற்கு மறைப்பைத் தள்ளி வலையைக் கிழித்து உள்ளே. வெயிலிலும் உப்பிலும் அந்த நூல் உக்கிப்போய் இருந்திருக்கிறது. ஒரு நாயும் தின்னவில்லை. கவ்வும், உதறும், எறியும், அடுத்தது. இறக்கை காற்றில், உமியெல்லாம் சிவப்பு. கூட்டத்தில் ஜிம்மியும். கழுத்தில் சங்கிலி தொங்குகிறது.

அலவாங்கை எடுத்தேன். ஒன்றின் முதுகில் போட்டேன், எலும்பு முறிந்தது கேட்டது. பின்காலை இழுத்துக்கொண்டு போனது. இன்னொன்று பாய்ந்து என் கவுனைக் கவ்வியது, வாயிலேயே குத்தினேன். மற்றவை ஓடின. ஜிம்மி மட்டும் வழி தவறி வலைக்குள் தலையைக் கொடுத்தது. திரும்பத் திரும்ப இன்னும் சுற்றிக்கொண்டது. கோழியைக் காக்கக் கட்டிய வலை நாயைத்தான் பிடித்தது.

அப்போதுதான் மூலையைக் கண்டேன். கிழக்கு மூலை. மிச்சக் கோழியெல்லாம் அங்கே, என் இடுப்பு உயரத்துக்குக் குவியல். சத்தமே இல்லை. வைத்தியத் தம்பி வாசல் வரை வந்து சொன்ன மூலை. அதற்கு வாங்கிய தகரம் கம்பத்தில் கட்டாக இருக்கிறது!

இரண்டு கையாலும் வாரி வாரி இழுத்தேன். மேலே இருந்தவை நல்ல உயிர், தள்ளாடி நடந்தன. நடுவில் இருந்தவை வாயைப் பிளந்து கண் சொருகிக் கிடந்தன. அடியில் கிடந்தவை தட்டையாக, சூடாக, செத்து.

நாய் கடித்தவை போயிற்று, அந்த வாய் பட்டதை யாரும் வாங்கமாட்டார்கள். செத்தவை போயிற்று. நடுவில் கிடந்தவைதான் கணக்கு. உயிர் போகுமுன் பிஸ்மி சொல்லி அறுத்தால் இறைச்சி, போன பின் குழி. நல்லபடி நிற்பவை பாதிக்குக் காணாது, கண்ணால் பார்த்தாலே தெரிந்தது. இவை செத்தால் காணி நா.வுக்கு.

யார் அறுப்பது? எங்கள் பக்கம் பொம்பளை அறுப்பதில்லை. வீட்டுக்கு ஒரு கோழி என்றாலும் காலைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கை முனையில் நின்று, போகிற வருகிற ஆம்பிளையை மறித்து அறுத்துக்கொள்வோம். கூடாது என்று ஒரு கிதாபிலும் இல்லை, மதரசாவில் நானே ஓதியிருக்கிறேன். ஆனாலும் ஒருத்தியும் அறுத்ததைக் கண்டதில்லை.

"ஸ்டெல்லா அக்கா! ஆம்பிள யாராவது இரிக்கிறாங்களா?"

"எங்கட வீட்டுக்காரர் கடல்ல. இருந்தாலும் இவர் வெட்டினா உங்கட ஆக்கள் திம்பாங்களா, பைத்தியமே?" வேலியைப் பிரித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஒரு கோழி என் காலடியில் காலை உதறி அடங்கிப்போனது. அவ்வளவுதான். குசினிக் கத்தியை எடுத்துக்கொண்டு வந்து கடல் பக்கம், கிப்லாவுக்கு முகம் வைத்துக் குந்தினேன். "காலப் பிடிங்க அக்கா. இறக்கையச் சேத்துப் பிடிங்க."

முதல் கோழிக்குப் பாதிதான் அறுபட்டது. அது என்னைப் பார்த்தது. அழுத்தி இழுத்தேன். சூடாக முழங்கை வரை பீறிட்டது. பக்கத்தில் வாந்தி எடுத்தேன். வாயைத் துடைத்துவிட்டு அடுத்தது. பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர். அடுத்தது. பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர். நாலைந்துக்குப் பிறகு கை தானாகப் போனது. ஸ்டெல்லா அக்கா அழுதுகொண்டே பிடித்துத் தந்தாள். ஒலிபெருக்கியில் ஹஸ்ரத் சொந்தபந்தத்தைச் சேர்ந்து நடப்பதைப் பற்றிப் பயான் செய்கிறார். எனக்கு ஒரு பைத்தியச் சிரிப்பு வந்தது, அதோடும் அறுத்தேன்.

ஆமீன் கேட்டது. தொழுகை முடிந்து முதலில் வந்தது நா. விரல் காரணமாகப் பள்ளி வாசலோரம் கதிரையில் இருப்பவர், அதனால் முதலில் வெளியே வந்திருக்கிறார். பெருநாளைக்கு மதினி தைத்த வெள்ளைச் சட்டை. வேலியருகே நின்று என்னைப் பார்த்தார், கூட்டைப் பார்த்தார், வலையில் கிடந்த ஜிம்மியைப் பார்த்தார்.

"உன்ட நாய்! நீதான் அவுத்து விட்ட!" என்று கத்தினேன்.

"வல்லாஹி, நான் விடல்ல." கூட்டுக்குள் வந்து குனிந்து, ஜிம்மியின் கழுத்தில் தொங்கிய சங்கிலியைத் தூக்கிக் காட்டினார். கொளுக்கி நெளிந்து திறந்திருந்தது. பிறகு பலகைக் குவியலிலிருந்து மன்னாக் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தார். ஜிம்மி அவரைக் கண்டதும் வலைக்குள்ளேயே வாலை ஆட்டியது. அதன் பிறகுதான் வெட்டினார். இரண்டு வெட்டு. இரண்டாவதோடு வால் நின்றது. சட்டையெல்லாம் தெறித்தது.

என்னிடம் வந்தார். முகம் செத்த முகம். "கத்தியத் தா. நான் அறுக்குறன்."

"நாய்ட ரத்தம். நஜீஸ். கிட்ட வராதீங்க."

"ஏழு தரம் கழுவிட்டு வாறன்."

"அதுக்குள்ள செத்துடும்."

உண்மைதான், செத்துவிடும். ஆனால் இன்னொரு உண்மையும் உண்டு, இங்கே எழுதலாம்: அவர் கை பாலாய்க் கழுவி வந்து நின்றிருந்தாலும் கத்தியைக் கொடுத்திருக்க மாட்டேன். கடைசிக் கோழி வரை நானே அறுத்தேன். அவர் போகவில்லை. பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஊர் வந்துவிட்டது. வேலி நெடுகத் தொப்பி.

"பொம்பள அறுத்ததாமே?"

"கூடுமா?"

"கிதாபுல கூடும். எனக்கு வயித்துல கூடாது."

ஹாஜியார் கூட்டத்தைப் பிரித்துக்கொண்டு வந்தார். அதற்குள் நா. என் காதுக்குக் குனிந்தார். "நான் அறுத்தண்டு சொல்லட்டா? ஒருத்தனும் கேள்வி கேக்க மாட்டான்."

நல்ல மனசில் சொன்னாரோ, நாளைக்கு இதைச் சொல்லியே காணியில் கால் வைக்கச் சொன்னாரோ, எனக்குத் தெரியாது. நிறுத்தி யோசிக்க எனக்கு நிதானமும் இல்லை. "வாய மூடு" என்றேன்.

ஹாஜியார் உயிரோடு நின்றதையும் அறுத்துக் கிடந்ததையும் தனித்தனியாகப் பார்த்தார். அறுத்த கழுத்துகளைக் குனிந்து விரலால் விலக்கிப் பார்த்தார். "இதையும் சேத்தாத்தான் பாதி தாண்டும். யாரு அறுத்த?"

"நான் ஹாஜியார். ஒவ்வொண்டுக்கும் பிஸ்மி சொன்னன்."

"கண்ட சாட்சி?"

"நான் கண்டன்" என்றாள் ஸ்டெல்லா அக்கா. ஹாஜியார் தலையை ஆட்டினார், ஆனால் கண் நா. மேல். "நிசாம், நீ நிண்டியா? நீ சொல்லு."

இல்லை என்று ஒரு சொல். அது போதும், பின்காணி அவருடையது. என் சத்தியத்தை அறியாத ஆள் அந்த வேலியில் இல்லை. நா. ஜிம்மி கிடந்த பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முதல்லருந்து காணல்ல" என்றார். "நான் வந்த நேரத்துலருந்து ஒண்டுக்கும் பிஸ்மி தவறல்ல. நான் அறுத்திருந்தாலும் இப்பிடி ஒழுங்கா அறுத்திருக்க மாட்டன்."

"அப்ப ஏத்துங்க" என்றார் ஹாஜியார். நாளைக்கு வர வேண்டிய லொறியை அப்போதே கூப்பிட்டார்.

ஸ்டெல்லா அக்கா மீன் பெட்டியில் இருந்த ஐஸ் எல்லாவற்றையும் கொட்டித் தந்தாள். சாகாமல் நின்ற கோழியும் சேர்ந்து போனது. லொறி திரும்பியபோது நா.வைத் தேடினேன். ஜிம்மியை வலையோடு இழுத்துக்கொண்டு கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தார், நொண்டி நொண்டி.

காணி எனக்கு. சந்தோஷம் வரவில்லை. உடம்பு முழுக்க ரத்த வாடை, மூன்று தரம் குளித்தும்.

செப்டம்பர் 20, சனி

கடித்ததையும் செத்ததையும் குழியில் போட்டுச் சுண்ணாம்பு கொட்டினேன். உமியை வாரி எரித்தேன். கறுத்த புகை, நாள் முழுக்க.

ஹாஜியார் கோல் எடுத்தார். அறுத்தது முழுக்க விற்றுப் போய்விட்டதாம். "அடுத்த கூட்டம் எப்ப?" என்றார். முதலில் கம்பி வலை என்றேன். முதலில் மூலை என்றேன்.

மதினி வந்தாள். நா. நேற்றிலிருந்து சாப்பிடவில்லையாம். "அந்த வெள்ளச் சட்ட எங்கண்டு கேட்டா வாயே தொறக்குறார் இல்ல" என்றாள்.

அவரோடு எனக்குக் கதை பேச்சு இல்லை. கம்பத்தில் ஏறிய கத்தியை மறக்க நான் அல்லாஹ்வின் மலக்கு இல்லை.

செப்டம்பர் 24, புதன்

மழை இருட்டு, விழவில்லை. கம்பி வலை வந்தது, தகரமும். உக்கின வலையெல்லாம் அறுத்து எறிந்தாயிற்று. மேற்குப் பக்கத்தைக் கொஞ்சம் நீட்டி, மூலையை வளைத்துக் கட்டத் தீர்மானம். அதற்கு வெளியே புதுக் கம்பம் இரண்டு. கூலியாள் வரவில்லை, அலவாங்கை நானே பிடித்தேன்.

முழங்கை ஆழம் வரை நல்ல மணல். பிறகு அலவாங்கு மெத்தென்று எதிலோ பட்டது. நாற்றம். குந்தி, கையால் மணலை விலக்கினேன். வெள்ளைத் துணி, கறுத்த கறை. பெருநாள் சட்டை. அதற்குள் ஜிம்மி. கழுத்து வரைக்கும் பொத்தான் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தது. நெளிந்த சங்கிலியைச் சுருட்டிப் பக்கத்தில் வைத்திருந்தார்.

என் காணியில். என் கூட்டு மூலையில். எரிச்சல் வர வேண்டும், வரவில்லை. அழுகைதான் வந்தது, நாய்க்கா ஆளுக்கா என்று தெரியாமல். மணலைத் திரும்பத் தள்ளி மூடினேன். காலால் அல்ல, கையால். பிறகு கிணற்றடிக்குப் போய் மண் பூசி ஏழு தரம் கழுவினேன், மதரசாவில் ஓதிய கணக்குக்கு.

கம்பத்தை ஒரு முழம் உள்ளே தள்ளி நட்டேன். கூடு அந்தப் பக்கம் சிறுத்துவிட்டது. இருபது கோழி குறையும்.

தலையைத் தூக்கினால் வேலியில் நா. எவ்வளவு நேரமாக நின்றாரோ. அன்றைக்குப் பிறகு முதல் சொல்:

"கம்பம் ஏன் உள்ளுக்குப் போகுது?"

"அங்கால வேர் இரிக்கி நானா. வெட்ட மனசு வரல்ல."

"ஓம்" என்றார். வேலியைத் தாண்டி வந்து, நொண்டிக்கொண்டே, மற்றக் கம்பத்தின் அடியைப் பிடித்தார். நான் மணலைத் தள்ளினேன்.